மூன்றாம் தடவை கேட்காத வீடு

சிரிப்பு சீன் எழுதுவதற்கு நகைச்சுவை உணர்ச்சி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தவனை வேவு பார்க்கிற புத்தி வேண்டும். எனக்கு அது தாராளமாகவே உண்டு. தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் யார் பக்கம் நியாயம் என்று பார்க்கமாட்டேன். யார் வேட்டி முதலில் அவிழப்போகிறது, அதை அவன் எந்தக் கையால் பிடிக்கப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு முப்பத்து மூன்று வயதில் ஒரே ஒரு நல்ல சீன் எழுதினேன். பத்து நிமிஷ சீன். அதற்குச் சங்கரன்கோவில் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தால் என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். அப்பா அம்மா இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். அவரைத்தான் பணயம் வைக்கிறேன் என்பது எழுதும்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஏழு இங்கிலீஷ் மிஷின், ஐந்து தமிழ் மிஷின். காலை ஆறு மணியிலிருந்து மணிக்கு ஒரு கூட்டம் ஏறி இறங்கும். பத்தாவது முடித்த பையன்களும் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்களும் லோயர், ஹையர் பரீட்சைக்கென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். கீழே விசைத்தறிக் கூடம், மேலே என் மிஷின்கள். அந்தச் சந்தில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதே இல்லை.

ஊரில் ஒரு நாடக மன்றம் இருந்தது. தறிக்காரர்கள், வாத்தியார்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று இருபது பேர். கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். கதை செயலாளருடையது. அவருக்கு ஒரு பிணமாவது விழாமல் நாடகம் முடியாது. அழுகைக்கும் அழுகைக்கும் நடுவில், பின்னால் வீட்டை ஆஸ்பத்திரியாக மாற்றுகிற நேரத்தில், திரைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து நின்று சனங்களைச் சிரிக்கவைக்க வேண்டும். அந்தப் பகுதியை எழுதும் வேலை என்னிடம் வந்தது. காரணம், என்னிடம் தமிழ் மிஷினும் கார்பன் தாளும் இருந்தன.

முதல் வருஷம் எழுதினேன். சனங்கள் சிரிக்கவில்லை. சும்மா சிரிக்கவில்லை என்று சொன்னால் போதாது. முன்வரிசையில் ஒருவர் வறுத்த கடலையை உடைத்த சத்தம் மைக்கில் ஏறி மைதானம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலையில் செயலாளர் மாடிப்படி ஏறி வந்தார்.

“என்னவே எழுதிருக்கீரு? கடலை ஒடைக்கிற சத்தத்துக்குத்தான் நாலு பேரு சிரிச்சான். அடுத்த வருசமும் இப்படித்தான்னா இப்பமே சொல்லிரும். ரெண்டு பாட்டப் போட்டு ஒப்பேத்திக்கிடுதோம்.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் படியிறங்கிப் போனதும் அந்த சீனை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு குத்தல், ஒரு மடக்கு. நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நன்றாக இருந்தும் ஏன் சிரிக்கவில்லை என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, என்னை விடவே இல்லை.

பதில் கிடைத்தது ஒரு தற்செயலால். தமிழ் கற்கிற பிள்ளைகளுக்கு அடிப்பதற்குக் கொடுக்கிற பயிற்சித் தாள்கள் கிழிந்துபோயிருந்தன. கைக்கு வந்த அந்தத் தோற்ற சீனையே ஐந்து பேருக்கும் பிரித்து வைத்து, “இத அடிங்க” என்றேன். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், ஒரு இடத்தில் ஒரு மிஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று நின்றது. எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் புறங்கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எந்த வரி என்று பார்த்தால், நான் மடக்கு என்று நினைத்த வரி எதுவும் இல்லை. வேலைக்காரன் சட்டியை உடைத்துவிட்டு வந்து நிற்கிறான். எசமான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் அவன் சொல்கிறான்: “நான் அடுக்களைப் பக்கமே போகலீங்க.” அடுத்த பேச்சுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று போகிறபோக்கில் எழுதிய வரி அது.

என் மடக்குகளையெல்லாம் அந்த ஐந்து பேரும் மூச்சு விடாமல் தட்டிக் கடந்து போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. வாரம் ஒரு பக்கம் எழுதுவேன், பயிற்சித் தாள் என்று கொடுப்பேன், நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து காதால் கேட்பேன். சத்தம் நிற்கிற இடத்தில் என் பிரதியில் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளிகள் சேரச்சேர விசித்திரமாக இருந்தது. நான் சிரிப்பு என்று நினைத்த இடத்துக்கு ஒரு வரி முன்னாலேயே விரல்கள் நின்றன. நீள வசனத்துக்கு ஒருத்தரும் நிற்கவில்லை. தான் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுகிற பாத்திரத்துக்கு யாருமே நிற்கவில்லை. ஒரே காரியம் இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது தடவைக்கு விரல் முன்கூட்டியே தயங்கியது. வரப்போவது தெரிந்துவிட்டது, ஆனால் வரவில்லை, அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் உதட்டைக் கடித்தார்கள். சிரிப்பு வசனத்தில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது என்று எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஒரு பெண்ணின் அப்பா மட்டும் வந்து சண்டை போட்டார். “புள்ள வீட்டுல ஒக்காந்து தானா சிரிக்கா. இங்கன என்னதான் சொல்லிக் குடுக்கீய?” என்றார். லோயருக்கான பாடம் என்று சொல்லி அனுப்பினேன்.

சரி, தாளில் சிரிப்பு வந்த அந்தச் சட்டி உடைத்த வரி மேடையில் ஏன் விழவில்லை? இதைச் சொன்னவர் எங்கள் நாடகத்தில் சிரிப்பு வேஷம் கட்டுகிறவர். ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நீள முகம். துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரியே எப்போதும் இருப்பார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு அந்த வசனத்த நான் சனத்தப் பாத்துச் சொன்னேன், கண்ணடிச்சுக்கிட்டு. அதான் கெட்டுது. எசமானப் பாத்துல்லா சொல்லிருக்கணும், பயந்துக்கிட்டு. எங்க ஆஸ்பத்திரிலயே பாக்கேன். ஊசின்னா பயம்னு சொல்லிட்டு அழுதான்னா யாரும் சிரிக்க மாட்டான். ‘எனக்கென்ன பயம், போடுங்க’ன்னு சட்டையக் கழத்தாம ஒருத்தன் நிக்கான் பாருங்க, அவனப் பாத்துத்தான் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.”

நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. ஒருவனுக்கு ஒன்று வேண்டும், அல்லது ஒன்றுக்குப் பயம். அதை வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம். மறைக்கிறான். மறைப்பது சனங்களுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இதுதான் சங்கதி. இனி எனக்கு வேண்டியது ஒரு ஆள். எதையாவது வேண்டி, வேண்டாம் என்று சொல்லுகிற ஒரு ஆள்.

அந்த ஆள் புதன்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

மச்சானுக்குத் திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் ஊர். வானம் பார்த்த பூமி. பருத்தியும் மிளகாயும் போடுவார், கம்பு விதைப்பார். கிணற்றை ஆழப்படுத்த உதவி கேட்டு ஒரு மனுக் கொடுத்திருந்தார். அந்த மனு தாலுகா ஆபீசில் மேஜை மாறிமாறிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வாரம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். ஆபீசில் வேலையை முடித்துக்கொண்டு ஒரு மணி வாக்கில் வீட்டுக்கு வருவார். நானும் சாப்பாட்டுக்கு அந்த நேரத்தில்தான் வீட்டில் இருப்பேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக்கு அண்ணன் வெறுங்கையோடு வரக்கூடாது. வந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் அவ்வளவு கௌரவமில்லை. அண்ணன் கொடுக்கிற ஆள், வாங்குகிற ஆள் இல்லை. மச்சான் முன்பெல்லாம் ஒரு பை மிளகாய் வத்தலாவது கொண்டுவருவார். அந்த வருஷம் ஒரு கட்டு வேப்பங்குச்சி கொண்டுவந்தார், பல் விளக்க. அடுத்த வாரமும் வேப்பங்குச்சி. “டவுன்ல இது கெடைக்காதுல்லா” என்பார். எங்கள் தெருக்கோடியில் இரண்டு வேப்பமரம் நின்றது. இதை நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

சாப்பிடச் சொன்னால் உடனே சரி என்று சொல்வதும் முறையில்லை. இரண்டு தடவை மறுக்க வேண்டும், மூன்றாவது தடவை ‘இவ்வளவு சொல்லுதீயளே’ என்று எழுந்திருக்க வேண்டும். மச்சான் இதில் இம்மி பிசகமாட்டார்.

“அண்ணே, சாப்பிட வாங்க.”

“வேண்டாம்மா. பஸ் ஸ்டாண்டுல இப்பதான் காப்பி குடிச்சேன்.”

“காப்பி குடிச்சா சோறு வேண்டாமாக்கும்? வாங்க.”

“வயிறு திம்முனு இருக்கும்மா.”

இதைச் சொல்லும்போதே அவர் கை சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்ட ஆரம்பித்துவிடும், கை கழுவுவதற்கு. பிறகு மூன்றாவது தடவை அவள் சொல்வாள், அவர் எழுவார்.

ஒரு புதன்கிழமை இரண்டாவது ‘வேண்டாம்’ சொன்ன அதே நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது. என் மனைவி உள்ளே ஓடினாள். அங்கிருந்து பின்வாசலில் அடுத்த வீட்டுக்காரி ஏதோ கேட்க, பேச்சு நீண்டுவிட்டது. மச்சான் சட்டையைச் சுருட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே.

நான் கேட்டிருக்கலாம். “வாங்க மச்சான், சாப்பிடுவோம்” என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அடுத்து என்ன செய்வார் என்று பார்க்கிற ஆசை அதை அமுக்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

அவர் முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழேதான் அடுக்களை வாசல். மணி பார்த்துவிட்டு, மறுபடியும் மணி பார்த்தார். சுருட்டிய சட்டையை மெதுவாக இறக்கினார். துண்டை மடித்து மடியில் வைத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “கத்திரிக்கா வாசம்லா வருது?” என்றார், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் மாதிரி. ஆமாம் என்றேன். “கத்திரிக்கா இப்ப நல்லா வருது போல” என்றார். ஆமாம் என்றேன். பத்து நிமிஷம் கழித்து அவள் வந்து, “இன்னும் இலை போடாம என்ன செய்தீய ரெண்டு பேரும்?” என்று என்னைத்தான் வைதாள். அவர் சாப்பிட்டார். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் அதையும் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயந்தரமே எழுதி முடித்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரர் யாரும் மூன்றாவது தடவை கேட்காமல் இருக்கமாட்டார் என்பதால், வீட்டுக்காரரை வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த ஒரு அதிகாரியாக ஆக்கினேன். நல்ல மனுஷர், சொன்ன சொல்லை அப்படியே நம்புகிறவர். வில்லனாக இருந்தால் சிரிப்பு வராது, அவரும் உபசாரம்தான் செய்ய வேண்டும். மனுவோடு வருகிறார் ஒரு சம்சாரி. கையில் வேப்பங்குச்சிக் கட்டு.

“சாப்பிடுறீங்களா?”

“வேண்டாங்க. இப்பதான் வயிறு முட்ட...”

“கொஞ்சமாவது?”

“ஐயோ, கொஞ்சம்கூட எடமில்லைங்க.” (சட்டையைச் சுருட்டுகிறார்.)

“அப்பச் சரி.”

முதலில் அந்த இடத்தில் அதிகாரிக்கு மூன்று வரி வசனம் வைத்திருந்தேன். உடம்பைப் பற்றி, அளவாகச் சாப்பிடுவதைப் பற்றி, நல்ல நல்ல பேச்சு. மிஷின்களிடம் கொடுத்தேன். ஒன்று மட்டும் நின்றது. ஒரு வரியாகக் குறைத்தேன், மூன்று நின்றன. எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘அப்பச் சரி’ என்று மட்டும் வைத்த நாளில் ஐந்தும் நின்றன. ஐந்து பேரும் தலையை மேலே தூக்கி என்னைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் மிஷின்காரர்கள் என்ன நடந்தது என்று தெரியாமல் அவர்களும் நிறுத்தினார்கள். கீழே தறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கம்பவுண்டருக்கு ஒத்திகையில் நானே நடித்துக் காட்டினேன். துண்டை எப்படி மடிக்க வேண்டும், மணி பார்க்கிற சாக்கில் எப்படி எட்டிப் பார்க்க வேண்டும், கத்திரிக்காயை எந்தக் குரலில் விசாரிக்க வேண்டும் என்று எல்லாம். “யாரு அண்ணாச்சி இது? நம்ம ஊர் ஆளா?” என்று ஒரு தடவை கேட்டார். “பொதுவா எழுதுனதுவே” என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாடகம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், சாயந்தரம் ஆறரை மணிக்கு. அன்றைக்கும் புதன்கிழமை. மச்சான் மனு விஷயமாக வந்திருந்தார். “இருந்து நாடகம் பாத்துட்டுப் போங்கண்ணே, இவுங்க எழுதுனது” என்று என் மனைவிதான் நிறுத்திவைத்தாள். நானே கூட்டிக்கொண்டுபோய் இரண்டாவது வரிசையில் இருவரையும் உட்காரவைத்தேன். என் பெயர் மைக்கில் வரும்போது அவர்கள் கேட்க வேண்டும் என்ற நினைப்பைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

திரையோரத்தில் நின்று பார்த்தேன். கம்பவுண்டர் வேப்பங்குச்சியோடு வந்து நின்றதுமே சலசலப்பு. இரண்டாவது ‘வேண்டாம்’ வந்தது. சட்டையைச் சுருட்டினார். அதிகாரி வேஷக்காரர் அப்பாவியாக, “அப்பச் சரி” என்றார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் மைதானம் இடிந்தது. தறிக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். கம்பவுண்டர் சட்டையை இறக்கினார், மறுபடியும் இடிந்தது. துண்டை மடித்தார், மறுபடியும். பின்னால் ஆஸ்பத்திரி தயாராகி ஐந்து நிமிஷம் ஆகியும் செயலாளர் சீனை முடிக்க விசில் கொடுக்கவே இல்லை.

மச்சானைப் பார்த்தேன். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி மேடையைப் பார்க்காமல் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மச்சான் எழுந்தார். என் கையைப் பிடித்து, “நல்லாருந்துச்சு மாப்ள. நெசமாவே நல்லாருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள், “அது எங்க அண்ணன்.”

“பொதுவா எழுதுனதுதான்.”

“வேப்பங்குச்சியுமா பொது?”

“அவரே சிரிச்சாருல்லா. நீ பாக்கலியா?”

“சிரிக்காம? ஊரே சிரிக்கும்போது எந்திரிச்சா போவாரு?” அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுக்களைக்குள் போனாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் கொண்டாடுகிற நாளில் வீட்டில் ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று நினைத்தேன். என் புத்தி அப்போது அவ்வளவுதான்.

அடுத்த புதன்கிழமை மச்சான் வந்தார். இரண்டு படி மிளகாய் வத்தல் கொண்டுவந்தார், எங்கே வாங்கினாரோ. அவள் சாப்பிடக் கூப்பிட்டாள், வேண்டாம் என்றார். மறுபடி கூப்பிட்டாள், வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை அவள் கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நெசமாவே வேண்டாம்மா. வாரேன்” என்று எழுந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மனு தள்ளுபடியாகிவிட்டதோ என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் புதன்கிழமைதோறும் ஒரு ஆள் சோறு கூட வடித்து, இரண்டு மணி வரைக்கும் வைத்திருந்து, அப்புறம் அதில் தண்ணீர் ஊற்றினாள்.

உண்மையைக் கம்பவுண்டர்தான் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, ஒங்க மச்சான் நேத்து பஸ் ஸ்டாண்டுல இருந்தாரு. கொழாயில தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாரு. ஒரு தடவ குடிச்சாரு, ஒக்காந்தாரு, மறுபடியும் போய்க் குடிச்சாரு. மத்தியானம் மூணு மணி இருக்கும்.” அப்புறம், “அன்னைக்கு நான் செஞ்சது அவருதானா?” என்று கேட்டார். அவருடைய நீள முகம் அன்றைக்கு நிஜமாகவே துஷ்டி முகமாக இருந்தது.

இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது என்பது எனக்குத் தெரியும். பேப்பரிலும் படித்திருந்தேன், அவர் வாயாலும் கேட்டிருந்தேன். மழையைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் அவர் துண்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் சங்கோஜத்தைக் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தேன். பண்ணியது பசியை. வாரத்தில் ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிட அவருக்கு ஒரு வீடு இருந்தது, அங்கும் கௌரவத்தை விடாமல் சாப்பிட ஒரு வழி இருந்தது. அந்த வழியைத்தான் நான் மேடையேற்றி மைக் வைத்துக் காட்டியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அன்று மிஷின் சத்தமே காதில் ஏறவில்லை. இதற்கு நடுவில் செயலாளர் வந்து, பனவடலிசத்திரத்தில் அந்த சீனை மட்டும் கேட்கிறார்கள் என்று குதித்தார். கொடுக்கமாட்டேன் என்றேன். “இதென்ன கோட்டித்தனம்? சிரிக்கலன்னாலும் சீனக் குடுக்கீரு, சிரிச்சா ஒளிச்சு வைக்கீரு!” என்று வைதுவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஊருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு யோசனை செய்துகொண்டே போனேன். அவர் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவையே சரி என்று சொல்லிவிட வேண்டும். நமக்குள் இந்த ‘வேண்டாம்’ நாடகமெல்லாம் எதற்கு என்று அவருக்கு விளங்கிவிடும், மனசு இளகிவிடும். மன்னிப்புக் கேட்பதையும் நான் ஒரு சீனாகத்தான் யோசித்திருக்கிறேன்.

“வாங்க மாப்ள, வாங்க! தங்கச்சி நல்லாருக்காளா?” என்று வரவேற்றார். முகத்தில் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “சாப்பிடலாமா மாப்ள?” என்றார்.

“சரி மச்சான். நல்ல பசி” என்றேன்.

அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, “இந்தா” என்று உள்ளே போனார். குசுகுசுவென்று பேச்சு. பின்கதவு திறந்தது. அவர் மனைவி அரிசி புடைக்கிற சொளவை முந்தானையால் மூடிக்கொண்டு வேலியோரமாக அடுத்த வீட்டுக்குப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனாள். மச்சான் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து, நிறுத்தாமல் பேசினார். பருத்தியைப் பற்றி, மாட்டைப் பற்றி. உள்ளே அடுப்பு பற்றவைக்கிற புகை வந்தது. முக்கால் மணி நேரம். நான் அந்தக் கட்டிலில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

இலையில் எனக்கு நெல்லுச்சோறும் ஒரு முட்டையும் வந்தது. அவர் உட்காரவில்லை, முன்னமே சாப்பிட்டாச்சு என்றார். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லுதோம்லா மாப்ள, அது விருந்தாளிக்குன்னு நெனச்சுட்டீய. அது அடுக்களைல நிக்கிறவளுக்கு. வெளிய நாம பேசிக்கிட்டிருக்கையில உள்ள அவ பானையத் தெறந்து பாக்கணும். இருந்தா மூணாவது தடவ கூப்புடுவா. இல்லன்னா கூப்புட மாட்டா. ரெண்டு பேருக்கும் மானம் தப்பிச்சுரும்.”

அத்தனை மாதம் அந்த மூன்று தடவையையே தின்று, குடித்து, மிஷினில் போட்டுப் பார்த்தவன் நான். அது எதற்கு என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் மச்சான்” என்றேன். அழுகை வந்துவிட்டது. “நீங்க வரணும். அவ புதன்கெழம சோத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

“நாடகத்த நான் ஒண்ணும் நெனைக்கல. நல்லாத்தான் எழுதிருந்தீய. ஆனா அன்னைக்குப் பால் பொங்கினப்ப நீங்க என்னையப் பாத்துக்கிட்டே இருந்தீயளே மாப்ள, அதத்தான் என்னால மறக்க முடியல.” அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “வாரேன். அவ சாப்பிடக் கூப்புடும்போது நீங்க அங்கன இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

புதன்கிழமை ஒரு மணிக்கு வந்தார். நான் வாங்க என்று சொல்லிவிட்டு, கேட்கிற மாதிரிச் செருமிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிக் கிணற்றடிக்குப் போனேன். சுவரைப் பார்த்து நின்றேன். அவள் கூப்பிட்டாள். அவர் ஏதோ சொன்னார். மறுபடி கூப்பிட்டாள். அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நானே எழுதிய எந்த இடைவெளியும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. அவர் முகம் இப்போது எப்படி இருக்கும், கை எங்கே இருக்கும், துண்டு எங்கே இருக்கும் என்று கழுத்து திரும்பத் துடித்தது. ஜன்னல் எட்டடி தூரம்தான்.

மூன்றாவது தடவை அவள் கூப்பிடுவது கேட்டது. பிறகு இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். நான் திரும்பவில்லை.